இரு பொருளிலும் ஆசிரியர்

இவ்வாண்டு மலருக்குப் பெரியார் ஒருவருடைய சரித்திரம் எழுதித் தரவேண்டும் என்று நமது சங்கச் செயலாளர் என்னைக் கேட்டபோது, நாயன்மாருள் ஒருவரையோ நாவலர் பெருமானையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அவர்களைப் பற்றி என்னிலும் நன்கு கற்ற பெரியோர்கள் முந்திய மலர்களிலே எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதியதற்கு மேலே எழுத எனக்கு வயதும் போதாது, படிப்பும் போதாது. ஆகவே, நம் கோயில்களில் படம் மாட்டப்படாத, ஆனால் நாள்தோறும் காலையில் நம் கைக்கு வரும் பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒரு வகையில் நிற்கின்ற ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். ஜி. சுப்பிரமணிய ஐயர் என்பது அவர் பெயர்.

தமிழிலே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவரையும் ஆசிரியர் என்கிறோம். பத்திரிகையை நடத்துபவரையும் ஆசிரியர் என்கிறோம். ஒரே சொல் இரண்டு வேலைக்கும் எப்படிப் பொருந்திற்று என்று நான் சிறு வயதில் வியந்ததுண்டு. சுப்பிரமணிய ஐயருடைய வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த வியப்புத் தீர்ந்துபோயிற்று. முதலாவது வேலையிலிருந்து இரண்டாவதற்குப் போனவர் அவர். போகும்போது முதலாவதையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்.

தஞ்சாவூர் ஜில்லாவிலே, காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றில், 1855 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் பிறந்தார். தந்தையார் கணபதி ஐயர் அவ்வூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். ஆண்மக்கள் எழுவர், அவர்களுள் நான்காமவர் சுப்பிரமணியம். பதின்மூன்றாம் வயதளவில் தந்தையை இழந்தார். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. அக்காலத்து நடுத்தரப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை கரையேறுவதற்கு இருந்த ஒரே ஓடம் இங்கிலீஷ் படிப்புத்தான். 1869 இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் தஞ்சாவூர் செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரியில் படித்து எப்.ஏ. தேறினார். அது மிஷனரிமார் நடத்திய கல்லூரி. அதன்பின் சென்னைக்குப் போய் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1875 முதல் ஸ்கொட்லாந்து திருச்சபையார் நடத்திய மிஷன் பள்ளிக்கூடத்திலே மாதம் நாற்பத்தைந்து ரூபா சம்பளத்தில் உபாத்தியாயரானார். 1877 இல் பச்சையப்பர் பள்ளிக்கு மாறினார். அதே ஆண்டில் தனியாகப் படித்து பி.ஏ. பட்டமும் பெற்றார்.

இந்த இடத்திலே என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடந்தர வேண்டும். நானும் மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்தவன். காலையில் பள்ளியிலே ஜெபம், மாலையில் தோட்டத்துக் கோயிலிலே தேவாரம் என்று இரண்டுக்கும் நடுவே வளர்ந்தவன். இப்படிப் படித்த பிள்ளைகள் வேரறுந்து போவார்கள் என்று நம் பெரியவர்களிற் சிலர் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நாவலர் பெருமானும் யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்தவர் என்பதை அவர்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். சுப்பிரமணிய ஐயரும் மிஷன் கல்லூரியில் படித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர். அவர் மதம் மாறவில்லை. தம் மதத்தாரோடு சண்டை பிடித்தார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அவர் சென்னையில் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை லக்கலவிலிருந்து வாசிக்கின்ற நாம் மறக்கக்கூடாது. 1876 தொடக்கம் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவிலே ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடுவர். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் தாகமும் வழியிலேயே அவர்களிற் பலரைக் கொண்டுபோயின. மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880 இல்தான். கோப்பிச் செடியை இலைநோய் தின்று, அந்த இடத்திலே தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம். இந்த மலைச்சாரலிலே லயத்தில் பிறந்த நம்மிற் பலருடைய பூட்டனும் பூட்டியும் அப்படி நடந்து வந்தவர்கள். அவர்கள் நடந்த கதையை அந்நாளிலே தமிழில் எழுதி அச்சிட்டு, அவர்களுடைய ஊராருக்கு நாள்தோறும் சொல்லத் தமிழிலே ஒரு நாளிதழ் இருக்கவில்லை. சென்னையில் வெளிவந்த பெரிய ஆங்கிலப் பத்திரிகைகளோ வெள்ளைக்கார வியாபாரிகளுடையவை.

1878 ஆம் ஆண்டு, திருவாரூர் முத்துசாமி ஐயர் என்பவர் சென்னை ஹைக்கோர்ட் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. மாதம் ஒரு ரூபா சம்பளத்துக்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக வேலை பார்த்த ஏழைப் பிள்ளை, படித்துப் படித்து அந்த இடத்துக்கு வந்தவர். அவருடைய நியமனத்தை வெள்ளையர் பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்லச் சென்னை இந்தியர்களிடம் ஒரு பத்திரிகை இல்லை.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கம் என்று ஒரு சங்கம் இருந்தது. நம்முடையது போல இளைஞர் கூடிப் பேசும் சங்கம். அதிலே ஆறு பேர். இருவர் உபாத்தியாயர்கள்: இருபத்துமூன்று வயதுச் சுப்பிரமணிய ஐயர், அவரிலும் இளையவரான மு. வீரராகவாச்சாரியார். மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்: டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், கேசவராவ் பந்துலு, சுப்பராவ் பந்துலு. ஒன்றே முக்கால் ரூபா கடன் வாங்கினார்கள். பெரிய தொகையை எழுதத் தவறி எழுதிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு ரூபா பன்னிரண்டு அணா. அதைக் கொண்டு சென்னைத் தங்கசாலைத் தெருவில் ஸ்ரீநிதி அச்சகத்திலே எண்பது பிரதிகள் அடித்தார்கள். விலை நாலணா. 1878 ஆம் ஆண்டு செப்டம்பர் 20 ஆம் திகதி வெளிவந்த அந்த வாரப் பத்திரிகைக்கு 'இந்து' என்று பெயரிட்டார்கள்.

நமது சங்கத்தின் இளைஞர்கள் இந்த வயதுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறுவரிலே மூத்தவருக்கே இன்றைய பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவனுடைய வயதுதான். நாம் இந்த மலரை அச்சிட நாலு மாதம் நன்கொடை சேர்த்தோம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சட்ட மாணவர்கள் நால்வரும் காலப்போக்கில் தத்தம் தொழிலுக்குப் போய்விட்டார்கள். உபாத்தியாயர் இருவரே எஞ்சினர். ஐயர் எழுத்தையும், ஆச்சாரியார் கணக்கையும் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் இன்றுபோல மேசைக்கு முன் உட்கார்ந்து திருத்துவது அன்று. அந்நாளிலே சிறு பத்திரிகையில் ஆசிரியர்தான் நிருபரும். கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுப்பவரும் அவரே, திரும்பி வந்து எழுதுபவரும் அவரே, அச்சுப்பிழை பார்ப்பவரும் அவரே. இத்தனைக்கும் 1879 இல் அவர் திருவல்லிக்கேணி ஆங்கில தமிழ்ப் பாடசாலைக்குத் தலைமையாசிரியராகவும் அமர்ந்திருந்தார். பகலிலே பையன்களுக்குக் கணக்கும் இங்கிலீஷும், இரவிலே கவர்னருக்குப் பாடம்.

கவர்னருக்குப் பாடம் என்று நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1882 இல் சேலத்திலே மதக் கலவரம் மூண்டது. அதைச் சாக்காக வைத்து ஊர்ப் பிரமுகர் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் சி. விஜயராகவாச்சாரியார். பொய்ச்சாட்சியின் மேல் நடந்த வழக்கு என்று 'இந்து' விடாமல் எழுதிற்று. மேன்முறையீட்டிலே அவர் குற்றமற்றவரென்று விடுதலையானார். பின்னாளிலே, 1920 இல், நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமையும் வகித்தார். கிராண்ட் டஃப் கவர்னராயிருந்த அந்த ஆண்டுகள் முழுவதிலும் ஆட்சியின் குற்றங்குறைகளை எடுத்துக்காட்டிக்கொண்டே இருந்தது ஐயருடைய பேனா. வாசிப்பவர் கூடினர். 1883 ஒக்டோபரிலிருந்து வாரம் மும்முறையாகவும், 1889 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து நாளிதழாகவும் 'இந்து' வளர்ந்தது.

அரசியல் மேடையிலும் அவருக்கு இடம் கிடைத்தது. 1884 இல் சென்னை மகாஜன சபையைத் தொடங்கியவர்களுள் அவர் ஒருவர். 1885 டிசம்பர் 28 இல் பம்பாயில் எழுபத்திரண்டு பிரதிநிதிகள் கூடி இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கினார்களே, அந்தச் சபையின் முதலாவது தீர்மானத்தைப் பிரேரித்தவர் திருவையாற்று உபாத்தியாயர்தான். இந்தியாவின் ஆட்சி நடக்கும் விதத்தை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்பது அத்தீர்மானம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1897 இல், இந்தியச் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன்னே லண்டனிலே சாட்சி சொன்ன இந்தியர்களிலும் அவர் ஒருவர். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் அப்போது அவருடன் சாட்சி சொன்னவர்கள். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று கருதப்பட்ட காலத்திலே அவர் கப்பலேறினார். ஆனால் அவருடைய சாதியார் அதற்கு முன்பே அவரைக் கைவிட்டிருந்தார்கள்.

அதற்குள் புகுமுன் அவருடைய இன்னொரு குழந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையை இங்கிலீஷ் படித்தவன் படிப்பான். வரி கட்டும் குடியானவன் எதைப் படிப்பான்? 1878 இல் லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளை அச்சட்டம் தொடவில்லை. மக்கள் மொழியில் எழுதுவதற்குத்தான் அரசாங்கம் அஞ்சிற்று என்பது இதிலிருந்தே விளங்கும். 1882 இல் ரிப்பன் பிரபு அச்சட்டத்தை நீக்கினார். அதே 1882 இல் ஐயர் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். தமிழிலே அரசியலை எழுதுவதென்றால் அன்றைக்குப் பாதை போடாத காட்டிலே நடப்பது போல. பட்ஜெட்டுக்கு என்ன சொல், பார்லிமெண்டை எப்படி விளக்குவது, நிலவரித் திட்டத்தைக் கிராமத்துத் திண்ணையில் இருப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது? வகுப்பிலே பின்வாங்கில் இருக்கும் பையனுக்கும் விளங்கும்படி சொல்லிப் பழகியவருக்கு அந்த வேலை கைவந்தது. வாக்கியம் அலங்காரமாக இராது. சொன்னதையே இரண்டாம் முறை வேறு விதமாகச் சொல்வார். பண்டிதர்களுக்கு அது சுவைக்காமல் இருந்திருக்கலாம். பாடம் சொல்கிறவனுக்கு அது பழக்கம்.

இனி அவருடைய வீட்டுக்குள் போவோம்.

குழந்தை மணம் நடந்த காலம். பெண்ணுக்கு விவரம் தெரியுமுன் கலியாணம். புருஷன் இறந்தால், அவன் முகத்தைச் சரியாக அறியாத அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் வெள்ளைச் சேலை, மழித்த தலை, ஒருவேளைச் சோறு. இக்கொடுமையை ஐயர் தமது இரண்டு பத்திரிகைகளிலும் ஓயாமல் கண்டித்து வந்தார். விதவைகளுக்கு மறுமணம் செய்துவைக்க வேண்டும் என்றும் எழுதினார். இப்படி எழுதியவர்கள் அக்காலத்தில் வேறு சிலரும் உண்டு. மேடையில் பேசிவிட்டு வீட்டிலே வேறு மாதிரி நடந்தவர்கள் அவர்களில் அநேகர்.

ஐயருடைய மகள் சிவப்பிரியாம்மாள் சிறுமியாய் இருக்கையிலேயே விதவையானாள்.

எழுதியவருக்கு இப்போது சோதனை. ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உறவினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பத்திரிகைக்குச் சந்தா கட்டிய ஆசாரசீலர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1889 ஆம் ஆண்டு டிசம்பரிலே காங்கிரஸ் மகாசபை மறுபடியும் பம்பாயில் கூடிற்று. ஐயர் தம் மகளை அங்கே அழைத்துப்போய் மறுமணம் செய்துவைத்தார்.

சென்னைக்குத் திரும்பிய பின் நடந்ததை எளிதில் ஊகிக்கலாம். சாதிக் கட்டுப்பாடு. வீட்டிலே யாரும் கை நனைப்பதில்லை. சடங்குக்குப் புரோகிதர் வருவதில்லை. நெருங்கிய உறவினரே வாசற்படி ஏறுவதில்லை. அரசியலிலே அவரைத் தலைவர் என்று போற்றியவர்களும் சமையலறை விஷயத்திலே விலகி நின்றார்கள். இங்கிலீஷ் அரசாங்கத்தை எதிர்த்தபோது அவருக்கு மாலை விழுந்தது. தன் வீட்டுப் பெண்குழந்தையின் கண்ணீரைத் துடைத்தபோது கதவு சாத்தப்பட்டது.

முன்னே, மதம் மாறுவது வேறு, மதத்தாரோடு சண்டை பிடிப்பது வேறு என்று சொன்னேன் அல்லவா? சமூகத்தார் அவ்வளவு செய்தும் சுப்பிரமணிய ஐயர் அவர்களை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் வரவேற்க ஆளிருந்தது. அவர் படித்த கல்லூரியும் பாடம் சொன்ன பள்ளியும் யாருடையவை என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அவர் இந்துவாகவே இருந்துகொண்டு, இந்துக்களைப் பார்த்தே எழுதினார். ஓர் இந்து வாலிபர் சங்கத்தின் மலரிலே அவர் சரித்திரத்தை எழுத நான் துணிந்ததற்கு இதுவே காரணம்.

பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக, இவையெல்லாம் நூறாண்டுக்கு முந்திய பிராமண அக்கிரகாரத்துச் சங்கதி, நமக்கென்ன என்று சொல்லிவிட முடியுமா? சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்திலே ஒரு கலியாணம். மணப்பெண்ணைப் பெற்றவர் என் சின்னம்மா, புருஷனை இழந்தவர். கொழுந்து பறித்து அந்தப் பிள்ளையைப் படிக்கவைத்தவர். தாலி கட்டும் நேரத்திலே அவரைத் தேடினேன். மண்டபத்தின் பின்னே, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மேளச் சத்தத்தை வைத்துத் தாலி ஏறிவிட்டதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரே போய் நின்றார். அவரே போய் நிற்கும்படி நாம் எத்தனை தலைமுறையாகப் பழக்கியிருக்கிறோம் என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. நானும் அன்றைக்கு அவர் கையைப் பிடித்து முன்னே அழைத்துவரவில்லை. பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்கி நின்றுவிட்டேன். ஐயருடைய சரித்திரத்தை அதற்குப் பின்புதான் முழுமையாகப் படித்தேன்.

நிற்க. சரித்திரத்துக்குத் திரும்புவோம்.

சமூகச் சீர்திருத்தத்தை ஐயர் விடாமல் எழுதியது பத்திரிகையின் வருமானத்தைப் பாதித்தது. மானநஷ்ட வழக்குகளும் கடனும் சேர்ந்தன. கணக்கைப் பார்த்துக்கொண்ட வீரராகவாச்சாரியாருக்கும் அவருக்கும் மனவேற்றுமை வளர்ந்தது. ஆச்சாரியார் மீது எனக்குக் கோபமில்லை. மாதக் கடைசியிலே அச்சுக்கோப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் அவர்தான். 1898 இல், தாம் தொடங்கி இருபது ஆண்டு வளர்த்த 'இந்து'வை ஐயர் நண்பரிடமே விட்டுவிட்டு வெளியேறினார். கையில் எஞ்சியது 'சுதேசமித்திரன்'. அடுத்த ஆண்டிலேயே, 1899 இல், அதை நாளிதழாக்கினார். தமிழிலே நாள்தோறும் செய்திப் பத்திரிகை என்பது அப்போதுதான் நிலைகொண்டது. இழந்தது ஆங்கிலம், பெற்றது தமிழ் என்று கணக்கிட்டால், நமக்கு லாபம்தான்.

அந்தத் தமிழ் நாளிதழுக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கிலீஷ் தந்திச் செய்தியை உடனுக்குடன் நல்ல தமிழாக்கத் தெரிந்த இளைஞர்கள் அரிது. 1904 ஆம் ஆண்டு மதுரை சேதுபதி உயர்தரப் பாடசாலையிலே ஓர் இளைஞர் தற்காலிகத் தமிழாசிரியராகச் சில மாதம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் அவரைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துவந்து, 1904 நவம்பரிலே உதவியாசிரியர் ஆக்கினார். அவர் எட்டயபுரம் சி. சுப்பிரமணிய பாரதி. பாரதியாரை நாமெல்லாரும் கவியென்றே அறிவோம். அவர் சோற்றுக்குச் செய்த தொழில் பத்திரிகைத் தொழில். அதை அவருக்குக் கற்பித்தவர், அவரைப் போலவே பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இந்த உபாத்தியாயர். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தவறாமல் தமிழாக்கிய அந்த வேலையிலேதான் பாரதியாருடைய உரைநடைக்கு உரம் ஏறிற்று என்பது என் எண்ணம். குருவிலும் சீடர் வேகமானவர். 'சுதேசமித்திர'னுடைய நிதானம் அவருக்குப் போதவில்லை; 1906 இல் 'இந்தியா' என்னும் வாரப் பத்திரிகைக்குப் போய்விட்டார்.

குருவும் நிதானத்திலேயே நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியால் இந்தியாவின் செல்வம் எவ்வாறு வற்றுகிறது என்பதைப் பற்றி 1903 இல் ஆங்கிலத்தில் ஒரு பொருளாதார நூல் வெளியிட்டார். 1905 இல் வங்காளப் பிரிவினை வந்ததும், சுதேசிக் கிளர்ச்சிக்காக ஊரூராகச் சென்று பேசினார். ஐம்பது வயதைத் தாண்டிய பின் மனிதர்கள் சாதாரணமாகக் குரலைத் தணித்துக்கொள்வார்கள், இவர் உயர்த்தினார். 1908 இல் தூத்துக்குடிக் கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளைக்குக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டிலே ஐயர் மீதும் இராஜத்துரோக வழுக்கான கட்டுரைகள் எழுதினார் என்று குற்றஞ்சாட்டி, உடல்நலத்துக்காகக் குற்றாலத்திலே தங்கியிருந்தவரைக் கைது செய்தார்கள். நோயாளியான அவர் நன்னடத்தைப் பிணையின் பேரில் விடப்பட்டார். இளைய தலைமுறையிலே சிலர் அப்பிணையைக் கண்டு முகஞ் சுளித்தார்கள். பாரதியார் அந்த ஆண்டிலேயே புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

அவருக்கு வந்தது தோலைப் பற்றிய கொடிய நோய். தொழுநோய் என்றே எழுதுவோர் பலர். இக்காலத்திலே மருந்தினால் முற்றாகக் குணமாகிவிடும் நோய் அது. அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. பழி மாத்திரம் இருந்தது. விதவைக்கு மணம் செய்து வைத்த பாவம் என்று சொன்ன வாய்களும் இருந்திருக்கும். மகளின் பொருட்டு ஒருமுறை சாத்தப்பட்ட கதவுகள் நோயின் பொருட்டு இரண்டாம் முறையும் சாத்தப்பட்டன. உடலெங்கும் புண்ணோடு அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். கை முடியாதபோது பிறரைக்கொண்டு எழுதுவித்தார்.

1915 இல் காந்தியடிகள் தென்னாபிரிக்காவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் சென்னைக்கு வந்தார். வந்த இடத்திலே ஐயரைப் பார்க்க அவர் வீட்டுக்கே போனார். நோயாளியின் உடம்பிலே கசிந்துகொண்டிருந்த புண்களைத் தம் மேலாடையால் துடைத்தார் என்று சொல்லப்படுகிறது. உறவினர் படியேறாத வீட்டிலே நடந்த காரியம் அது.

அவ்வாண்டிலேயே 'சுதேசமித்திர'னை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் திகதி, அறுபத்தோராம் வயதிலே காலமானார்.

அப்போது தலைமன்னார் வரை ரயில் போட்டு இரண்டாண்டு ஆகியிருந்தது. நம்மவர்கள் காட்டு வழியே நடக்காமல் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறி, ரயிலிலே மலைநாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்றே முக்கால் ரூபாயில் தொடங்கிய 'இந்து'வை 1905 இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் எழுபத்தையாயிரம் ரூபாவுக்கு வாங்கியிருந்தார். இன்றும் அது வெளிவருகிறது. 'சுதேசமித்திரன்' நூறாண்டைத் தொட்டு, 1980களில் நின்றது. புதுச்சேரியிலிருந்து மீண்ட பாரதியார் 1920 இல் மறுபடியும் 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். பதினாறு ஆண்டுக்கு முன்னே மதுரைப் பள்ளிக்கூடத்திலிருந்து தம்மை அழைத்துவந்தவர் அப்போது அந்த அலுவலகத்தில் இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரிலே, அந்தப் பத்திரிகையின் வேலையில் இருக்கும்போதே, பாரதியாரும் போய்விட்டார்.